குறிச்சொற்களின் வரலாறும் அவற்றால் விளையும் நன்மை தீமைகளும்

ஒரு பொருளைப் பத்திரமாக வைப்பது அரிதன்று. வைத்த பொருளை வேண்டியபோது எடுப்பதே அரிது. இதைக் காரியாலயத்தில் வேலை பார்க்கும் எவரும் நன்கறிவர். தோட்டத்துக் கிராணியாக இருந்து கடிதங்களையும் கணக்குகளையும் காத்து வரும் நானும் இதைப் பலமுறை அனுபவத்தில் கண்டவன். லயத்து வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் அமைக்க வேண்டுமென்று கோரும் கடிதம் ஒன்று வருகிறதென வைத்துக்கொள்வோம். அதைக் கட்டடக் கோப்பில் சேர்ப்பதா? சுகாதாரக் கோப்பில் சேர்ப்பதா? தொழிலாளர் நலக் கோப்பில் சேர்ப்பதா? மூன்றிலும் இருக்க அதற்கு உரிமையுண்டு. ஆயினும் காகிதம் ஒன்றாதலால் அதற்கு இடமும் ஒன்றே. சேர்த்தவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டால், பின்வந்தவர் மூன்று கோப்புகளையும் புரட்டியாக வேண்டும். கடிதம் அகப்படாவிடில் குழாயும் இல்லை. கோரியவர்கள் மறுபடியும் முதலிலிருந்து மனுச் செய்ய வேண்டியதுதான். ஆகவே காகிதத்தை எங்கே வைப்பது, அதற்கு என்ன பெயரிடுவது என்னும் கேள்விகள் கிராணியின் மேஜையோடு முடிந்துவிடுவன அல்ல. பிறருடைய நலம் அவற்றில் அடங்கியிருக்கிறது.

இணையத்தில் வைக்கப்படும் எழுத்துக்கும் படத்துக்கும் இந்த இடர்ப்பாடு இல்லை. ஒரே படத்துக்குப் பத்துப் பெயர்களை ஒட்டி வைக்கலாம். பத்தில் எந்தப் பெயரைச் சொல்லித் தேடினும் அப்படம் வந்து நிற்கும். இவ்வாறு ஒட்டப்படும் பெயரையே குறிச்சொல் என்கிறோம். மேலிருந்து ஒருவர் வகுத்துத் தந்த பிரிவுகளுள் ஒன்றில் பொருளை அடைப்பதற்கு மாறாக, எழுதியவரும் படித்தவரும் தத்தமக்குத் தோன்றிய சொல்லைத் தாமே இடுவது இம்முறையின் இயல்பு. இது மக்களுக்குக் கிடைத்த பெரும் விடுதலை என்பர் சிலர். பெருங்குழப்பம் என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றிலும் உள்ள உண்மை எவ்வளவு என்பதை வரலாற்றைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் தொகைநூல்களில் இரு முறைகள்

ஆங்கிலப் பள்ளியில் படித்தவனாதலால், நூலகத்துப் புத்தகங்களின் முதுகில் ஒட்டப்பட்ட எண்களையே நான் முதலில் அறிந்தேன். நம் முன்னோரும் இதே வேலையைச் செய்திருக்கின்றனர் என்பது வெகுநாள் கழித்தே தெரியவந்தது. அகநானூற்றைத் தொகுத்தோர் அதன் 400 பாட்டுகளையும் எண்ணைக்கொண்டே ஒழுங்கு செய்தனர். ஒற்றைப்படை எண்களில் நிற்பவை யாவும் பாலை. 2, 8 என்னும் எண்களில் முடிபவை குறிஞ்சி; 4-இல் முடிபவை முல்லை; 6-இல் முடிபவை மருதம்; 10, 20, 30 எனப் பத்துப் பத்தாக வருபவை நெய்தல். 137-ஆம் பாட்டென்றால் அது பாலை, 246-ஆம் பாட்டென்றால் அது மருதம் என்று ஏட்டை விரிக்காமலே சொல்லிவிடலாம். ஒரு பாட்டுக்கு ஓர் எண். ஓர் எண்ணுக்கு ஒரு திணை. இது பொருளுக்கு ஒரே இடம் கொடுக்கும் முறை.

புறநானூறோ வேறு வழியில் செல்கிறது. அங்கே பாட்டின் அடியில் திணை இன்னது, துறை இன்னது, பாடியவர் இன்னார், பாடப்பட்டவர் இன்னார் எனக் குறிப்புகள் காணப்படும். ஆதலால் ஔவையார் பாடியவை எவை, அதியமானைப் பாடியவை எவை, பாடாண் திணையில் அமைந்தவை எவை என்று ஒரே நூலை மூன்று வழியாகத் தேடலாம். இன்று நாம் குறிச்சொல் என்று வழங்குவதன் மூதாதை இக்குறிப்பே எனலாம்.

இம்முறையின் குறையையும் அந்நூலே காட்டுகிறது. உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் அதை அச்சிட்டபோது, சில பாட்டுகளின் குறிப்புகள் சிதைந்திருந்தன. பாடியவர் பெயர் தெரியாத பாட்டுகளும் இருந்தன. அன்றியும் இக்குறிப்புகள் பாட்டின் பகுதியல்ல. பாடினோருக்குப் பின் வந்தோர் சேர்த்தவை என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. சில பாட்டுகளுக்கு அவை பொருந்துமா என்று ஐயுற்ற அறிஞரும் உளர். பொருள் ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது என்னும் இந்நிலை இன்றும் மாறவில்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நூலகத்தார் கண்ட வழி

மேல்நாட்டில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்ஸாந்திரியா நகரத்துக் காலிமாக்கஸ் என்னும் புலவர், அங்குள்ள நூல்களை வகைப்படுத்தி 120 சுருள்களில் பட்டியல் எழுதினார். எனினும் இக்காலத்து முறைக்கு அடிகோலியவர் அமெரிக்கராகிய மெல்வில் டூயி. அவர் 1876-இல் வெளியிட்ட சிறு நூல், அறிவனைத்தையும் பத்துப் பெரும் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றையும் மேலும் பத்துப் பத்தாகப் பிரித்தது. எண்ணைப் பார்த்துப் புத்தகத்தை எடுக்கலாம், எண்ணைப் பார்த்து மறுபடி வைக்கலாம் என்னும் சௌகரியத்தால் அம்முறை உலகெங்கும் பரவியது. ஆனால் பிரித்தவரின் மனச்சாய்வும் கூடவே பரவியது. சமயத்துக்கென 200 முதல் 299 வரை எண்களை ஒதுக்கிய அவர், அவற்றுள் பெரும்பகுதியைக் கிறிஸ்துவ சமயத்துக்குக் கொடுத்து, உலகத்தின் ஏனைய சமயங்கள் யாவற்றையும் 290 என்னும் ஒரே பத்துக்குள் அடைத்துவிட்டார். கோடிக்கணக்கான மக்களின் சமயங்கள் 'மற்றவை' ஆயின. அலமாரியில் இடம் ஒதுக்குவதும் ஒருவகை அரசியலே என்பது இதனால் விளங்கும்.

இந்த ஓரிட முறையை உடைத்தவர் ஒரு தமிழர் என்பதை நம்மவர் பலர் அறியார். 1892-இல் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகக் கலை பயில லண்டன் சென்றபோது, அங்கு ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானைக் கண்டார். ஒரே வகைத் துண்டுகளை வெவ்வேறாகப் பூட்டி, வண்டியும் பாலமும் பாரந்தூக்கியும் செய்யலாம். அறிவையும் இவ்வாறே பூட்டலாகாதா என்று அவர் எண்ணினார். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை அவ்வெண்ணத்தின் பயன். மலாயாவில் ரப்பர் மரத்து நோயைப் பற்றி ஒரு நூல் இருந்தால், அதைப் பயிர், நோய், இடம், காலம் எனப் பல முகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்துக்கும் உரிய குறியை எழுதி, அவற்றை இணைப்பது அம்முறை. ஒரு பொருளுக்கு முகங்கள் பல என்று ஒப்புக்கொண்டமையால், பின்வந்த குறிச்சொல் முறைக்கு அவர் வழிகாட்டி என்பது மிகையாகாது.

எனினும் அரங்கநாதன் முறையிலும் பெயரிடும் அதிகாரம் நூலகரிடமே இருந்தது. படிப்பவர் அப்பெயர்களைக் கற்றுக்கொள்ளலாமேயன்றி மாற்ற இயலாது.

பெயரிடும் அதிகாரம்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1898 முதல் பொருள்தலைப்புகளின் பட்டியல் ஒன்றை வளர்த்து வருகிறது. பல நாட்டு நூலகங்கள் அதைப் பின்பற்றுகின்றன. சான்ஃபோர்டு பெர்மன் என்னும் நூலகர், ஆப்பிரிக்காவில் ஸாம்பியா நாட்டில் வேலை பார்க்கையில், அப்பட்டியலிலுள்ள ஒரு தலைப்பு அம்மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல் என்பதை அறிந்து திடுக்கிட்டார். முழுப் பட்டியலையும் சோதித்தபோது அத்தகைய தலைப்புகள் பல அகப்பட்டன. கிழக்காசிய மக்களை உலகுக்கு ஆபத்தெனக் கூறும் 'மஞ்சள் அபாயம்' என்பதும் அவற்றுள் ஒன்று. அவர் 1971-இல் இவற்றைத் தொகுத்து ஒரு கண்டன நூல் வெளியிட்டார். அவர் சுட்டியவற்றுள் பல பிற்காலத்தில் திருத்தப்பட்டன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நெடுநாள் பிடித்தது.

அண்மைக்காலத்து உதாரணம் ஒன்று கூறுவோம். அனுமதியின்றிக் குடியேறியவர்களைச் 'சட்டவிரோத அந்நியர்' என்று அப்பட்டியல் குறித்து வந்தது. செயல் சட்டவிரோதமாகலாம், மனிதனே சட்டவிரோதமாக முடியுமா என்று கேட்ட டார்ட்மத் கல்லூரி மாணவர், 2014-இல் தலைப்பை மாற்றுமாறு கோரினர். 2016-இல் நூலகம் இசைந்தது. உடனே அரசியல்வாதிகள் குறுக்கிட்டனர். முடிவில் 2021 நவம்பரில்தான் அத்தலைப்பு நீக்கப்பட்டு வேறு இரு தலைப்புகள் இடப்பட்டன. ஒரு பெயர் மாற ஏழாண்டு! பெயரிடும் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்திருப்பதன் விளைவு இது.

பொதுமக்கள் பெயரிடத் தொடங்கியது

இந்நிலையில், இணையத்தில் முற்றிலும் வேறான வழக்கம் ஒன்று தோன்றியது. 2003-இல் ஜோஷுவா ஷாக்டர் என்பவர் டெலிஷஸ் என்னும் தளத்தை ஏற்படுத்தினார். தாம் கண்ட பக்கங்களின் முகவரிகளை அங்கே சேர்த்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் தமக்கு விருப்பமான சொற்களை இடலாம். அதே சொல்லைப் பிறர் எவற்றுக்கு இட்டிருக்கின்றனர் என்றும் பார்க்கலாம். 2004-இல் தோன்றிய ஃபிளிக்கர் தளம் படங்களுக்கு இவ்வசதியை அளித்தது. அதே ஆண்டில் தாமஸ் வாண்டர் வால் என்பவர் இப்புதுவழக்கத்துக்கு 'மக்கள் வகைப்பாடு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரொன்றைப் புனைந்தார். 2007 ஆகஸ்டு 23-ஆம் நாள், ட்விட்டர் தளத்தில் எழுதுவோர் சொல்லுக்கு முன்னே ஒரு குறியிட்டு ஒரே விஷயத்தைப் பேசுவோரை ஒன்றுசேர்க்கலாமென்று கிரிஸ் மெஸ்ஸினா யோசனை கூறினார். அதுவே இன்று சிறுபிள்ளையும் அறிந்த ஹேஷ்டேக். அவ்வாண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் ஸான் டியாகோ பகுதியில் காட்டுத்தீ பரவியபோது, ஜனங்கள் ஒரே குறிச்சொல்லின் கீழ் செய்தி பரிமாறிக்கொண்டதால் அதன் பிரயோஜனம் வெளிப்பட்டது. எந்த அதிகாரியும் அந்தத் தீக்குத் தலைப்பு வகுக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

நன்மைகள்

முதலாவது நன்மை, மேலே கூறியவாறு, ஒரு பொருளுக்குப் பல வாயில்கள் உண்டாதல். குழாய்க் கடிதம் மூன்று கோப்பிலும் ஒருங்கே இருக்கும்.

இரண்டாவது, மக்கள் தம் சொந்தச் சொல்லால் தேட முடிதல். மருத்துவர் வழங்கும் பெயரை அறியாத தாயும் குழந்தையின் நோயைப் பற்றிப் பிற தாய்மார் எழுதியதைக் கண்டுபிடிக்கலாம்.

மூன்றாவது, காப்பவர் அறியாததைக் காண்பவர் அறிந்திருத்தல். இதற்குச் சிறந்த சான்று, மேலே தலைப்புகளுக்காக நாம் குறைகூறிய அதே காங்கிரஸ் நூலகம் செய்த பரீட்சை. 2008 ஜனவரியில் அது தன் பழம்படங்களைச் சில ஆயிரக்கணக்கில் ஃபிளிக்கரில் வைத்து, யாரும் குறிச்சொல் இடலாமென்று அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபருக்குள் 2,518 பேர் 67,176 குறிச்சொற்களை இட்டனர். படத்திலிருப்பவர் யார், தெரு எது, ஆண்டு எது என்று பலர் ஆதாரத்தோடு குறிப்பும் எழுதினர். நூலகத்தார் அவற்றைச் சோதித்து, 500-க்கு மேற்பட்ட பதிவுகளைத் திருத்திக்கொண்டனர். தகாதவை என நீக்கப்பட்டவை 25-க்கும் குறைவே. பொதுஜனங்களிடம் பொறுப்பை விட்டால் பாழாக்குவர் என்போருக்கு இக்கணக்கே விடையாகும்.

நான்காவது, பலர் கூடும்போது ஒழுங்கு தானே பிறத்தல். கோல்டர், ஹூபர்மன் என்னும் இருவர் டெலிஷஸ் தளத்தை ஆராய்ந்து 2006-இல் எழுதினர். ஒரு பக்கத்தை ஏறக்குறைய நூறு பேர் சேர்த்தபின், அதற்கு இடப்படும் குறிச்சொற்களின் விகிதம் பெரும்பாலும் மாறாமல் நிலைத்துவிடுகிறதென்று அவர்கள் கண்டனர். யாரும் கட்டளையிடாமலே பொதுவழக்கு ஒன்று ஏற்பட்டுவிடுகிறது.

தீமைகள்

நூறு பேர் கூடுமிடத்தில் இது சரி. இருவர் மூவர் மட்டும் வருமிடத்தில் என்ன ஆகும்? ஃபர்னாஸ் முதலிய ஆராய்ச்சியாளர் 1987-இல் காட்டியது யாதெனில், ஒரு பொருளுக்குப் பெயர் சொல்லுமாறு இருவரைக் கேட்டால், இருவரும் ஒரே சொல்லைக் கூறுவது ஐந்தில் ஒரு முறைக்கும் குறைவு என்பதே. தமிழில் இத்தொல்லை இருமடங்கு. 'மலேசியா' என்று ஒருவர் எழுத, 'மலேஷியா' என்று மற்றொருவர் எழுதுகிறார். ஒருவருக்குச் 'சிங்கப்பூர்', ஒருவருக்குச் 'சிங்கை'. ஒருவர் 'தோட்டம்' என்பதை மற்றொருவர் 'எஸ்டேட்' என்கிறார். 'தோட்டங்கள்', 'தோட்டத்தில்' என்று சொல் உருபேற்றால் அவற்றையும் வேறு வேறு சொல்லாகவே கருதும் தளங்கள் உண்டு. இதற்கு எதிரான தொல்லையும் உண்டு. 'திங்கள்' என்று குறித்தால் அது நிலவா, மாதமா, கிழமையா? 'மாலை' என்றால் பொழுதா, பூவா? உயிருள்ள மனிதன் இடமறிந்து பொருள் கொள்வான். எழுத்தை மட்டும் ஒப்பிடும் இயந்திரம் அவ்வாறு கொள்ளாது.

அன்றியும், பலர் தமக்கு மட்டும் விளங்கும் சொற்களை இடுகின்றனர். டெலிஷஸில் 'பிறகு படிக்க' என்ற பொருளில் குறிச்சொல் இட்டோர் பலர். இட்டவருக்கு அது பயன்தரும். மற்றவருக்கு அதனால் பயனில்லை. குறிச்சொற்களுக்குள் தாய், பிள்ளை என்னும் உறவும் இல்லை. ரப்பர் ஒரு பயிர் என்பதை டூயியின் எண் அறியும். 'ரப்பர்' என்னும் தனிச்சொல் அறியாது.

வஞ்சகம் மற்றொரு தீமை. இணையத்தின் முதற்பத்தாண்டில், பக்கத்தை ஆக்கியவரே அதன் விஷயத்தைச் சில சொற்களால் உள்ளே மறைவாகக் குறித்து வைக்கும் வழக்கம் இருந்தது. வணிகர் பலர் தம் பக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத, ஆனால் ஜனங்கள் அதிகமாகத் தேடும் சொற்களை அங்கே குவித்தனர். பொய் மிகுந்தபின் மெய்க்கும் மதிப்பில்லாமற் போயிற்று. அச்சொற்களைத் தரவரிசைக்குத் தான் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் நிறுவனம் 2009-இல் வெளிப்படையாகவே கூறிவிட்டது.

கடைசித் தீமை பலர் எண்ணிப் பாராதது. டெலிஷஸ் தளத்தை 2005-இல் யாகூ நிறுவனம் வாங்கியது; 2011-இல் விற்றது; 2017-இல் அதை வாங்கிய மற்றொரு தளத்தார், புதிதாக எதையும் சேர்க்கலாகாதென்று மூடிவிட்டனர். இலட்சக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் இட்ட பெயர்களின் விதியை உரிமையாளரே முடிவு செய்தார். பிறர் நிலத்தில் மரம் நட்டவன் நிழலுக்கு உரிமை கோர முடியுமா?

இடைவழி

இவ்விரு பக்கமும் நோக்கின், அதிகாரியின் பட்டியல் மட்டும் போதாது. மக்களின் சொல் மட்டும் போதாது என்பது புலப்படும். இரண்டையும் இணைத்து வெற்றி கண்ட ஓரிடம் உண்டு. பிறர் படைத்த கதைமாந்தரைக்கொண்டு ரசிகர் எழுதும் கதைகளுக்கென 2009-இல் தோன்றிய 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்னும் தளம் அது. இலாபநோக்கமற்ற சங்கம் ஒன்று அதை நடத்துகிறது. அங்கே கதை எழுதியவர் தாம் விரும்பிய குறிச்சொல்லை விரும்பியவாறு எழுதலாம். ஒருவரும் அதை அழிப்பதில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் தொண்டர் பலர் இருந்து, ஒரே பொருளுடைய சொற்களைப் பொதுவான ஒரு சொல்லோடு பிணைக்கின்றனர். யார் எச்சொல்லால் தேடினும் எல்லாக் கதைகளும் வந்துவிடுகின்றன. 2019-இல் அத்தளத்துக்கு ஹியூகோ விருது கிடைத்தது. பெயரிடும் உரிமை எல்லோருக்கும், பெயர்களை இணைக்கும் கடமை சிலருக்கு என்பதே அதன் தத்துவம். காங்கிரஸ் நூலகம் பழம்படங்களில் கண்ட பயனும் இவ்விதமே விளைந்தது: ஜனங்கள் எழுதினர், நூலகத்தார் சோதித்தனர்.

நமக்குரிய பாடம்

இது நமக்கு வெறும் நூலகச் செய்தியன்று. கூலி என்பது தமிழில் உழைப்புக்குரிய ஊதியம். பிரிட்டிஷ் மலாயாவின் தோட்டப் பதிவுகளிலும் சர்க்கார் அறிக்கைகளிலுமோ அவ்வொலியே உழைத்த மனிதனுக்குப் பெயராக நின்றது. பெயரும் ஊரும் குடும்பமும் உடைய நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அவ்வொரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர். அக்காலத்து ஆவணங்களும் படங்களும் இன்று இணையத்தில் ஏறி வருகின்றன. தன் பாட்டனைத் தேடும் பேரன், அவ்விழிசொல்லைத் தானே எழுதித் தேட வேண்டியிருக்கிறது. பழைய சொல்லைச் சுரண்டி எறிந்தால் நடந்த கொடுமைக்குச் சாட்சி போய்விடும். அதையே விட்டுவைத்தால் கொடுமை நீடிக்கும். இந்த இக்கட்டுக்குக் குறிச்சொல் முறையே வழி காட்டுகிறது. பழைய சொல் சரித்திரச் சான்றாக இருந்த இடத்திலேயே இருக்கட்டும்; அதன் பக்கத்தில் அம்மனிதரின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், தொழிலாளர் என்னும் மதிப்புள்ள சொல்லையும் நாம் சேர்க்கலாம்.

நேயர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியில் மங்கிக் கிடக்கும் பழம்படம் ஒன்றை இணையத்தில் ஏற்றும்போது, 'தாத்தா' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். உலகத்தில் தாத்தாமார் பலர். அவர் பெயர், பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம், மாநிலம், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதுங்கள். ஊர்ப்பெயருக்கு இரண்டு எழுத்துமுறை இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். பொய்க்குறி குறியின்மையினும் கொடிது. படத்தின் பிரதி ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நம் சங்கங்களும் நூலகங்களும் இவ்வாறு சேரும் பெயர்களைச் சோதித்து இணைக்கும் பணிக்குச் சில இளைஞரையேனும் பழக்க வேண்டும்.

முன்பு நமக்குப் பெயரிட்டவர் பிறர். அப்பெயர் எழுதப்பட்ட ஏடும் பிறர் கையில் இருந்தது. இன்று எழுதுகோல் நம் கையிலும் இருக்கிறது. வருங்காலத்தில் ஒரு பேரப்பிள்ளை நம்மவரைத் தேடி வரும்போது, எந்தச் சொல்லைச் சொன்னாலும் அவர் கிடைக்கும்படி எழுதி வைப்பது நம் கடமை.